ஆயத்தீர்வை: மதுவரிக்கும் பாவ வரிக்கும் நடுவே ஒரு சொல்

திருகோணமலையில் ‘எக்சைஸ்’ என்றால் கசிப்புப் பிடிக்க வரும் அதிகாரிகளே எவருக்கும் நினைவுக்கு வருவர். அவர்களது திணைக்களம் தமிழில் மதுவரித் திணைக்களம் எனப்படுவதால் அச்சொல் சாராயத்தோடு ஒட்டிக்கொண்டது. அதன் மூலத்தில் மது இல்லை. ஒல்லாந்தர் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற அச்சொல், குறிப்பிட்ட சில பண்டங்களின் மீது மட்டும் விதிக்கப்படும் உள்நாட்டு வரியையே குறித்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதும் ‘கலால்’ இதைவிட விந்தையானது. சாராயம் காய்ச்சி விற்பவரைச் சுட்டிய உருதுச் சொல் அது. பெட்ரோலுக்கும் இன்று அதே பெயர்தான்.

மது, சிகரெட் போன்ற தீங்கான பண்டங்களின் மீதான இவ்வரிக்கு அண்மையில் நுழைந்த ‘பாவ வரி’ என்ற பெயர், ‘சின் டாக்ஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரின் நேர்ப்பெயர்ப்பு. ‘ஐயோ பாவம்’ என்று இரங்கும் நம் வழக்கில், அது வரி கட்டுபவர் மேல் பரிதாபப்படுவதாகவே ஒலிக்கிறது.

இந்த எக்சைஸ் வரியைப் பெறுமதி சேர் வரியோடு குழப்பிக்கொள்ளலாகாது. இலங்கையில் ‘வற்’ என்று நாம் சொல்லும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகிப் பெரும்பாலான பொருட்களின் விலையில் பரவி நிற்பதால், வாங்குபவர் ஒரு பொருளை விட்டு மற்றொன்றுக்குத் தாவித் தப்ப முடியாது. ஷாம்பூப் போத்தலுக்குப் பதில் சிறு பைக்கற்றை எடுத்து, வாங்கும் அளவைத்தான் குறைக்கிறார். எக்சைஸ் வரியோ குறிப்பிட்ட பொருளின் மேல் மட்டும் விழுவது. சந்தையடித் தேநீர்க் கடையில் முன்பு பெட்டியாகச் சிகரெட் வாங்கியவர் பிறகு ஒன்றிரண்டாகவும், அதுவும் கட்டாதபோது பீடியாகவும் கேட்கிறார். சாராயம் எட்டாத விலைக்குப் போனால் சிலர் கசிப்பை நாடுவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 2017இன் இறுதியில் இனிப்புப் பானங்களுக்கு, ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என இதே வகை வரி விதிக்கப்பட்டது. அங்கே வாங்குபவர் மாறாவிட்டாலும், சீனியைக் குறைத்தால் வரி குறையும் என்பதால் தயாரிப்பாளர் மாற இடமிருந்தது. அந்தச் சோடாவில் மது ஏது? அதை மதுவரி என்று எழுதினால் பொருள் இடறும்.

தமிழ்நாட்டு அரசுத்துறைப் பெயரொன்றில் ‘ஆயத்தீர்வை’ ஏற்கெனவே உள்ளது. ஆயம் என்பது வருவாய். திருக்குறளில் ‘பொருளாயம்’ வருவது சூது அதிகாரத்தில் என்பது தற்செயலான பொருத்தம். தீர்வை, செலுத்தித் தீர்க்க வேண்டியது. ‘தீர்வையற்ற கடை’ என்று நாமும் அன்றாடம் சொல்வதுதான். ஆகவே சாராயத்துக்கு மட்டும் மதுவரி என்றும், சிகரெட்டும் சோடாவும் சேர்ந்த முழு வகைக்கு ஆயத்தீர்வை என்றும் எழுதுவதே சரி என்பது என் எண்ணம்.