சுவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு இளைஞர் போன் செய்தார். தன்னிடம் சயனோடைப் படங்கள் (ரசாயனம் தடவிய தாளை வெயிலில் காட்டி எடுக்கும் நீலப் படங்கள்) ஒரு வரிசை இருக்கிறது, உங்கள் கேலரியில் வைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் கட்ட வேண்டாம், தேர்வானால் நாங்கள்தான் உங்களுக்கு ஒரு தொகை தருவோம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிங்க, இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றார். குரலில் சந்தேகம் நன்றாகவே தெரிந்தது.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. அதற்கு முந்தைய வருடம் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. உங்கள் படங்களைப் பார்த்து அசந்துபோனோம், சர்வதேசக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், வாழ்த்துகள். கீழே படிக்கப் படிக்க, சுவரில் ஒரு மீட்டருக்கு இவ்வளவு, கேட்லாக்கில் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு, திறப்பு விழாவில் பங்கெடுக்க இவ்வளவு. கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். படங்கள் ஒரு வாரம் தொங்கின. பார்க்க வந்தவர்களில் பெரும்பாலானோர் இவரைப் போலவே பணம் கட்டிய மற்றவர்களும் அவர்களுடைய நண்பர்களும்தான். பிரிண்டுகள் திரும்பி வந்தபோது மூலைகள் மடங்கியிருந்தன.

இலாப நோக்கற்ற ஒரு புகைப்பட கேலரியில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். விண்ணப்பம் படிப்பதில் ஆரம்பித்து ஆணி அடிப்பது வரைக்கும் எல்லாம் செய்திருக்கிறேன். இந்த மாதிரிக் கதைகளை வருடத்துக்குப் பத்துப் பேரிடமாவது கேட்டு அலுத்துப்போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு கேலரி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அதன் பெயரையோ வெள்ளைச் சுவரையோ பார்த்துப் பிரயோஜனமில்லை. காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வணிக கேலரிக்குப் படம் விற்றால்தான் காசு, பெரும்பாலும் விலையில் பாதி அவர்களுக்குப் போகும். அதனால் விற்கக்கூடியதைத்தான் மாட்டுவார்கள், அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கலைஞர்களிடமே வாடகை வாங்கும் கேலரிக்குப் படம் சுவரில் ஏறுவதற்கு முன்பே வருமானம் வந்துவிடுகிறது. அப்புறம் ஒருவர் வந்து பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, விற்றால்தான் என்ன? எங்களைப் போன்ற இடங்கள் மானியத்திலும் நன்கொடையிலும் உறுப்பினர் சந்தாவிலும் ஓடுகின்றன, வருடத்துக்கு ஒருமுறை பிரிண்ட் ஏலம், படம் கழுவும் இருட்டறைக்கு வாடகை, பயிற்சி வகுப்பு என்று மிச்சத்தை ஒப்பேற்றுகிறோம். மீதம் ஏதாவது நின்றால் (நிற்பது அபூர்வம்) யாரும் அதைப் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது, அடுத்த கண்காட்சிக்குத்தான் போக வேண்டும். போனில் அந்த இளைஞர் கேட்ட "என்ன லாபம்" என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

இப்படிப்பட்ட இடங்கள் எப்போதும் இருந்தவை இல்லை. லண்டனில் சூ டேவிஸ் என்ற பெண்மணி 1971-இல் ஒரு பழைய தேநீர் விடுதிக் கட்டடத்தில் 'தி ஃபோட்டோகிராஃபர்ஸ் கேலரி'யைத் தொடங்கினார். புகைப்படத்துக்கென்றே தனியாக ஒரு பொது கேலரி அந்த நாட்டில் அதற்கு முன்னால் இல்லை. அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரில் 'லைட் ஒர்க்' 1973-இல் வந்தது. அவர்கள் கலைஞர்களை ஒரு மாதம் தங்கவைத்து, இருட்டறையும் செலவுக்குப் பணமும் கொடுத்து, வேலை செய்யச் சொல்கிறார்கள். பின்னால் பெரிய புகைப்படக் கலைஞர்களான சிண்டி ஷெர்மன், டாவுட் பே, கேரி மே வீம்ஸ் எல்லாரும் அங்கே தங்கிப் போனவர்கள். ஒருவர் பெரிய பெயர் எடுப்பதற்கு முன்னால் அவரை நம்பி ஒரு மாதச் செலவை ஏற்பது சாதாரண விஷயம் இல்லை, பத்துப் பேரை அப்படி நம்பினால் எட்டுப் பேர் எங்கே போனார்கள் என்றுகூடத் தெரியாது. அந்த எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான் இந்த அமைப்பு.

சரி, இலாப நோக்கற்றது என்று பலகையில் எழுதியிருந்தாலே நல்ல இடமா? இல்லை. நாங்களும் தப்பு செய்கிறவர்கள்தான். தெரிந்த முகங்களையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறோம், நன்கொடையாளர் முகம் சுளிப்பாரோ என்று சில படங்களைத் தள்ளிப்போடுகிறோம். அதைவிட முக்கியமான தப்பு ஒன்று உண்டு. ஆள் சம்பளம், மின்கட்டணம், சுவருக்குச் சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் பட்ஜெட்டில் இடம் இருக்கும், படம் எடுத்தவருக்கு மட்டும் இருக்காது. "உங்களுக்கு நல்ல அறிமுகம் கிடைக்குமே" என்பார்கள். கனடாவில் இதை எதிர்த்து 1968-லேயே ஓவியர் ஜாக் சேம்பர்ஸ் கலைஞர்களைத் திரட்டி கார்ஃபாக் என்ற சங்கத்தைத் தொடங்கினார். எந்தக் காட்சிக்குக் கலைஞருக்குக் குறைந்தது எவ்வளவு தர வேண்டும் என்று அவர்கள் பட்டியலே போட்டார்கள். 1988-இல் அந்த நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்திலேயே கண்காட்சி உரிமை, அதாவது படைப்பைக் காட்சிக்கு வைப்பதற்குக் கலைஞர் பணம் கேட்கும் உரிமை, சேர்ந்தது. நியூயார்க்கில் 2008-இல் உருவான வேஜ் என்ற அமைப்பு, இலாப நோக்கற்ற கேலரிகள் கலைஞருக்குப் பணம் தருகின்றனவா என்று பார்த்துச் சான்றிதழே கொடுக்கிறது. ஆகவே ஒரு இடத்திலிருந்து அழைப்பு வந்தால், கலைஞர் தொகை உண்டா என்று கேளுங்கள். கேட்பதால் யாரும் உங்களை ஒதுக்கிவிட மாட்டார்கள். அப்படி ஒதுக்குகிற இடத்தில் காட்டாமல் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

விண்ணப்பத்துக்கு ஒரு சின்னக் கட்டணம் வாங்குவது வேறு. பல நேர்மையான இடங்களும் வாங்குகின்றன, படிப்பவர்களுக்குக் கூலி கொடுக்க. தேர்வான பிறகு பணம் கேட்டால்தான் எழுந்து நடக்க வேண்டும்.

இனி, எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பரிசோதனைப் புகைப்படம் என்றாலே "இது போட்டோவா?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கேமரா இல்லாமல் தாளின் மேல் பொருளை வைத்து வெயிலில் காட்டுவது புகைப்படக் கலையின் முதல் வேலைகளில் ஒன்று. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் சயனோடைப்பைக் கண்டுபிடித்தது 1842-இல், அடுத்த வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நீலத் தாளில் பதித்துப் புத்தகமாக வெளியிட ஆரம்பித்துவிட்டார். 1956-இல் பெல்ஜியக் கலைஞர் பியர் கோர்டியே டெவலப்பரையும் (உருவத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) ஃபிக்சரையும் (அதை நிலைநிறுத்தும் ரசாயனம்) பெயிண்ட் மாதிரிப் புகைப்படத் தாளில் பயன்படுத்தி, கெமிகிராம் என்ற கேமரா இல்லாத படங்களைச் செய்தார். அமெரிக்கக் கலைஞர் அலிசன் ராசிட்டர் பல பத்தாண்டுகளுக்கு முன் காலாவதியான புகைப்படத் தாள்களைத் தேடி வாங்கி, எதையும் படம் பிடிக்காமல் டெவலப்பரில் நனைத்து, தாள் தன் வயதில் என்ன ஆகியிருக்கிறது என்பதையே படமாக ஆக்குகிறார்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு பிரதிதான். நெகட்டிவ் கிடையாது, இன்னொன்று போட முடியாது, சில படங்கள் சுவரில் தொங்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். வணிக கேலரிக்கு இது தலைவலி, எங்களுக்கும் தலைவலிதான், ஆனால் அந்தத் தலைவலிக்காகத்தான் எங்களுக்கு மானியம் தருகிறார்கள்.

விண்ணப்பங்களில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். நூறு வந்தால் குறைந்தது அறுபது "ஒளி, நினைவு, காலம் ஆகியவற்றின் ஊடாட்டத்தை ஆராய்கிறேன்" என்று ஆரம்பிக்கும். படிக்கிறவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒருவர் எழுதியிருந்தார்: "பாட்டியின் புடவையை ரசாயனத்தில் நனைத்து நான்கு மணி நேரம் வெயிலில் போட்டேன், மடிப்பு இருந்த இடம் எல்லாம் வெள்ளையாக நின்றுவிட்டது, அந்த மடிப்பு அவர் மடித்தது." அதைப் படித்ததும் எல்லாரும் படத்தைத் திறந்தோம். என்ன தாள், என்ன ரசாயனம், எவ்வளவு நேரம், எது நீங்கள் நினைத்தபடி வரவில்லை, இதை எழுதுங்கள். ஸ்கேன் மட்டும் அனுப்பாதீர்கள், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து அந்தப் பொருளையே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தாளின் சுருக்கமும் உப்பு படிந்த ஓரமும் ஸ்கேனில் செத்துப்போகின்றன. அளவையும் போடுங்கள். உள்ளங்கை அளவா கதவு அளவா என்று தெரியாமல் ஒரு சுவரை எப்படித் திட்டமிடுவது?

எங்கள் பக்கத் தப்பு ஒன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை சயனோடைப்புகளுக்கு விலை உயர்ந்த, அமிலமற்ற, அருங்காட்சியகத் தரம் என்று போட்டிருந்த மவுண்ட் அட்டை (ஃப்ரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வாங்கி ஃப்ரேம் செய்தோம். காட்சி முடிந்து அவை ஃப்ரேமோடு ஒரு வருடத்துக்கு மேல் அலமாரியில் இருந்தன. திறந்து பார்த்தால் அட்டை தொட்ட ஓரங்களில் நீலம் வெளுத்திருந்தது. காரணம் எளிது. அந்த மாதிரி அட்டைகளில் அமிலத்தைத் தடுக்கக் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள், சாதாரண படங்களுக்கு அது நல்லது, ஆனால் சயனோடைப்பின் நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது. காரம் சேர்க்காத அட்டை என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கலைஞரிடம் மன்னிப்புக் கேட்டு ஈடும் கொடுத்தோம், படம் திரும்ப வராது. இதே நீலம் வெளிச்சத்தில் வெளுத்தால் மட்டும் விஷயம் வேறு, கொஞ்ச காலம் காற்றுப் படும்படி இருட்டில் வைத்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இதெல்லாம் உங்கள் படம் பற்றிய விவரங்கள், கேலரிக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாமல் ஒரு தாளில் எழுதிப் படத்தோடு அனுப்புங்கள்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக. எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதீர்கள். பிரிண்ட், ஃப்ரேம் செலவு யாருடையது, போகவும் வரவும் போக்குவரத்து யாருடையது, உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து இறக்கியது முதல் திரும்ப மாட்டும் வரை காப்பீடு உண்டா, விற்றால் யாருக்கு எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும். விளம்பரத்துக்காகப் படத்தை அச்சிட அனுமதி கேட்பார்கள், கொடுக்கலாம். "எந்த ஊடகத்திலும், என்றென்றைக்கும், கட்டணமின்றி" என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம் எடிஷன், அதாவது ஒரு படத்துக்கு எத்தனை பிரதி என்பது. போட்டோகிராம் (கேமரா இல்லாமல் தாளின் மேல் பொருளை வைத்து எடுத்தது) என்றால் ஒன்றே ஒன்றுதான், அதை ஸ்கேன் செய்து பத்துப் பிரிண்ட் போட்டால் தாராளமாக விற்கலாம், ஆனால் இது ஸ்கேனிலிருந்து போட்டது என்று சொல்லித்தான் விற்க வேண்டும். மறைத்து விற்றது என்றைக்காவது தெரியவரும், தெரிந்தால் உங்கள் பெயரோடு எங்கள் பெயரும் போகும்.

கடைசியாக ஒரு காட்சியைப் பற்றி. கருப்பு வெள்ளைப் புகைப்படத் தாளின் மேல் இலை மாதிரி எதையாவது வைத்து, டெவலப் செய்யாமல் வெயிலில் மணிக்கணக்கில் வைத்தால் ஊதா, பழுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறங்கள் வரும், லூமென் பிரிண்ட் என்பார்கள். ஃபிக்சரில் போட்டால் நிறம் மங்கி மாறிவிடும், போடாவிட்டால் வெளிச்சம் பட்ட ஒவ்வொரு நிமிடமும் தாள் கறுத்துக்கொண்டே போகும். பலர் ஸ்கேன் செய்து, அதன் பிரிண்டைத்தான் மாட்டுவார்கள். முதல் காட்சி வைக்க வந்த ஒரு பெண் அது வேண்டாம் என்றார். பன்னிரண்டு தாள்களையும் ஃபிக்ஸ் செய்யாமல் இழுப்பறைகளில் வைப்போம், பார்க்க வருகிறவர் திறந்து பார்க்கட்டும், பார்க்கிற ஒவ்வொருவரும் கொஞ்சம் அழிக்கட்டும் என்றார். எங்கள் காப்பீட்டுக்காரருக்கு இதை விளக்க இரண்டு வாரம் ஆனது.

காட்சி ஐந்து வாரம் ஓடியது. முதல் வாரம் எல்லாரும் இழுப்பறையைப் படக்கென்று திறந்து மூடினார்கள், விஷயம் பரவிய பிறகு சிலர் திறக்கவே தயங்கி நின்றார்கள், ஒரு பெரியவர் மட்டும் தினமும் வந்து ஒரே இழுப்பறையை, நாலாவதை, ஒரு விநாடி திறந்து பார்த்துவிட்டுப் போவார். கடைசி நாளில் முதல் இழுப்பறைத் தாளில் உருவமே தெரியவில்லை, கறுத்த பழுப்புதான். பன்னிரண்டாவதில் இலையின் நரம்புகூட அப்படியே இருந்தது, கீழ்மூலையில் இருந்ததால் குனிய யாருக்கும் பொறுமை இல்லை போல.

எங்கள் திருப்பித் தரும் படிவத்தில், படைப்பு பெறப்பட்ட அதே நிலையில் திருப்பி ஒப்படைக்கப்படுகிறது என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் சேதம் உண்டா என்ற கட்டத்தில் "உண்டு, ஒப்பந்தப்படி" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.