கெர்னிங்: இணையிடைவெளி

அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறிப்பிட்ட எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெளியை மட்டும் கூட்டுவதோ குறைப்பதோதான் கெர்னிங். சொல் முழுவதும் ஒரே அளவாக வெளியை மாற்றினால் அது டிராக்கிங். வரிக்கும் வரிக்கும் இடையே விடுவது லீடிங். மூன்றையும் பொதுவாக 'ஸ்பேசிங்' என்று சொல்லிப் பழகிவிட்டதால், ஓர் இடத்தில் மட்டும் உறுத்தும் இடைவெளியைச் சரிசெய்ய முழுச் சொல்லையும் நெருக்கிவிடுகிறார்கள். உறுத்தல் அப்படியே இருக்கும். மற்ற எழுத்துகள்தான் முட்டிக்கொள்ளும்.

கெர்னிங் என்ற சொல் ஈய அச்சுக் காலத்தது. எழுத்தின் ஒரு பகுதி தன் உலோகக் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நீட்டத்துக்கு 'கெர்ன்' என்று பெயர். ஆங்கிலச் சாய்வெழுத்து 'எஃப்'பின் தலையும் 'ஜே'யின் வாலும் அப்படிப்பட்டவை. 1680களில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், துருத்தும் முனையைக் குறிக்கும் 'கார்ன்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கும் மூலம் கதவுக் கீலைக் குறிக்கும் 'கார்டோ' என்ற லத்தீன் சொல். நம் கிறித்தவ வழக்கில் உள்ள 'கர்தினால்' இதே வேரிலிருந்து வந்ததுதான். நீட்டம் பக்கத்து எழுத்தின் தோளில் உட்கார வேண்டும். அங்கே தாங்கல் இல்லாவிட்டால் அச்சு அழுத்தத்தில் ஒடிந்துவிடும். 'எஃப்', 'ஐ' இரண்டையும் ஒரே கட்டையாக வார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கெர்னிங்கைத் தமிழில் 'எழுத்து இடைவெளி' என்று எழுதுகிறார்கள். அது டிராக்கிங்குக்கே பொருந்தும். கெர்னிங்கின் உயிர் 'இணை' என்பதில் இருக்கிறது: இந்த எழுத்து இந்த எழுத்தோடு சேரும்போது மட்டும் என்பதே அதன் பொருள். ஆகவே இணையிடைவெளி என்பதே சரியான சொல். டிராக்கிங்கைத் தொடரிடைவெளி என்றும் லீடிங்கை வரியிடைவெளி என்றும் சொன்னால் மூன்றும் குழம்பாது.

தமிழுக்கு இதில் ஒரு தனி விதி உண்டு. ஆங்கிலப் பாடங்களில் கிடைக்காது. உயிர்மெய்க்குள் இருக்கும் வெளி, அதற்கு வெளியே இருக்கும் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 'நகைக்கடை' என்ற பலகையை எடுத்துக்கொள்வோம். கண்ணில் படுவது ஏழு துண்டுகள்: ந, சங்கிலிக் கொம்பு (ை), க, க், க, மறுபடி சங்கிலிக் கொம்பு, ட. நடுவே ஆறு இடைவெளிகள். அவற்றில் கொம்புக்கும் க-வுக்கும், கொம்புக்கும் ட-வுக்கும் இடையே உள்ள இரண்டும் உள்வெளி. ஆறையும் சமமாக்கினால் கொம்பு யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். முன் எழுத்தோடு ஒட்டிவிட்டால் இன்னும் மோசம். கால் போட்ட எழுத்துகளிலும் இதே கதை: கா-வின் கால் விலகினால் க, ர என்று படிக்கத் தோன்றும். சொல்லை அகலப்படுத்தத் தொடரிடைவெளியை எழுத்தளவில் ஆயிரத்தில் 200 பங்கு ஏற்றுகிறவர்கள் இதை முதலில் சோதிக்க வேண்டும். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்துபோகும்.

செய்யும் முறை இதுதான். முதலில் இரண்டு நேர்கோடுகள் எதிரெதிரே நிற்கும் இணையை, உதாரணமாக 'பப', அளவுகோலாக வையுங்கள். அதிக வெளி வேண்டியது அதற்குத்தான். வளைவு வந்தால் குறையுங்கள். ட-வின் வலப்புறம் மேலே முழுக்கத் திறந்து கிடப்பதால் அதற்கு அடுத்த எழுத்தை இன்னும் நெருக்குங்கள். ஆனால் அதன் அடிக்கோடு அடுத்த எழுத்தைத் தொட்டுவிடக் கூடாது. மும்மூன்று எழுத்து மட்டும் தெரியும்படி மற்றவற்றை மறைத்துப் பாருங்கள். பிறகு சொல்லைத் தலைகீழாகத் திருப்புங்கள். படிக்க முடியாதபோதுதான் கண் வெளியைப் பார்க்கும்.

இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் இரண்டு எழுத்துக்கு நடுவே கர்சரை வைத்து ஆல்ட்டோடு அம்புக்குறியை அழுத்தினால், இயல்பு அமைப்பில் ஒரு தட்டுக்கு எழுத்தளவில் ஆயிரத்தில் 20 பங்கு நகரும். 200 புள்ளி (பாயிண்ட்) எழுத்தில் அது 4 புள்ளி, 10 புள்ளியில் வெறும் 0.2. அதனால் பத்திகளில் கையால் செய்வது வீண் வேலை. தலைப்பு, சின்னம், பலகைக்கு மட்டும் போதும். கெர்னிங் பட்டியலில் 'ஆட்டோ' என்ற தேர்வு எழுத்துருவுக்குள் இருக்கும் இணை அட்டவணையைப் படிக்கிறது. அட்டவணை இல்லாத எழுத்துருவில் அதைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. யூனிகோடு எழுத்துருவில் பெரும்பாலும் உயிர்மெய்க்குள் கர்சர் நுழையாது. அப்போது சொல்லை வடிவக்கோடாக (அவுட்லைன்) மாற்றித் துண்டுகளைக் கையால் நகர்த்த வேண்டும். மாற்றியபின் எழுத்தைத் திருத்த முடியாது. எழுத்துப் பிழை பார்த்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

'நகைக்கடை' ட-வில் முடிவதால் பலகையின் சரிநடுவில் வைத்தாலும் இடப்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். வலப்புறம் மேலே உள்ள வெறுமைதான் காரணம். மென்பொருள் காட்டும் நடுவை நம்பாமல் முழுச் சொல்லையும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, அச்செடுத்து, தெருவின் எதிர்ப்பக்கத் தொலைவிலிருந்து பாருங்கள்.