செடிக்கு ஊசி போட்டால் ஜீன் மாறாது

திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை என்று சொன்னால் முன்பெல்லாம் வாழைக்கன்றைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது வரும் கேள்விகள் வேறு ரகம். போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது இது: "மேடம், கிரிஸ்பர் ஊசி போட்டு மூணு வாரம் ஆச்சு. செடி இன்னும் ஒளிரவே இல்ல. டோஸ் பத்தலையா?"

கிரிஸ்பர் என்பது செல்லுக்குள் இருக்கும் ஜீனைத் திருத்தும் கருவி. கூடவே ஒரு படம். மாடித்தோட்டத்துத் தொட்டியில் பெட்டூனியா. இலைகளில் ஊசி குத்திய இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. அனுப்பியவர் படித்தவர், மென்பொருள் பொறியாளர். ஊசியில் என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஜீன் எடிட்டிங் கிட்டில் இருந்த பாக்டீரியாவாம். லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், ஈ.கோலை! அந்தக் கிட்டே ஈ.கோலையின் ஜீனைத் திருத்திப் பார்ப்பதற்காக விற்பது. ஈ.கோலைக்குச் செடியின் செல்லுக்குள் ஜீனை நுழைக்கத் தெரியாது. அந்த வேலை தெரிந்த பாக்டீரியா அக்ரோபாக்டீரியம். அது எப்படிச் செய்கிறது என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது, இங்கே விடுகிறேன்.

ஒளிரும் செடி வீடியோக்கள் பரவியதிலிருந்து இந்தக் கதை ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், எனக்கு அதிக எரிச்சல் தரும் நம்பிக்கை: "ஜீனை உள்ளே செலுத்தினால் செடி மாறிவிடும்." மாறாது. சரியான பாக்டீரியாவை, சரியான ஜீனோடு, சரியாகவே செலுத்தினாலும் மாறாது. ஓர் இலையில் லட்சக்கணக்கில் செல்கள். நீங்கள் செலுத்திய இடத்தைச் சுற்றியுள்ள சில செல்களில் அந்த ஜீன் சில நாள் வேலை செய்யும். நாங்களும் ஊசி நீக்கிய சிரிஞ்சை இலையின் அடிப்பக்கம் வைத்து அழுத்திப் பார்ப்பதுண்டு. அது ஒரு ஜீன் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை, அவ்வளவுதான். அந்த இலை உதிர்ந்தால் கதை முடிந்தது. பக்கத்து இலைக்குப் போகாது, பூவுக்குப் போகாது, விதைக்குப் போகாது.

செடி முழுக்க மாற வேண்டுமென்றால், ஜீன் ஏறிய ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்ப வேண்டும். ஜீன் ஏறாத செல்களை ஆன்டிபயாடிக் கலந்த ஊடகத்தில் (செல்கள் வளரும் சத்துக் கலவை) ஒடுக்கி, மிஞ்சியதைத் துளிர்க்க வைத்து, வேர் விடவைத்து, மண்ணுக்குப் பழக்கி, ஜீன் இருக்கிறதா என்று பி.சி.ஆர் சோதனையில் பார்த்து, விதை எடுத்து, அந்த விதையிலும் ஜீன் இறங்கியிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். ஜீனை உள்ளே அனுப்புவது இதில் ஒரு காலை நேர வேலை. மீதியெல்லாம் திசு வளர்ப்பு. மீதியைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

உடனே அடுத்த கேள்வி வரும்: "பூவை அந்த பாக்டீரியாக் கரைசல்ல முக்கி எடுத்தாலே போதுமாமே?" அது அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு களைச்செடிக்கு. 1998-இல் வந்த முறை. அதிலும் நூறு விதையில் ஒன்று தேறினால் மகிழ்ச்சி. அந்தச் செடி 22 டிகிரி வாக்கில் சுகமாக வளரும். நம் ஊர் மொட்டைமாடிச் சித்திரை வெயிலில் வைத்துப் பாருங்கள், என்னிடம் கேட்க வேண்டியதே இருக்காது. ரோஜாவையும் செம்பருத்தியையும் முக்கினால் அவை நனையும், வேறொன்றும் நடக்காது.

இன்னொன்று. கிரிஸ்பர் வெட்டும் கத்தி. இல்லாத ஜீனை அது கொண்டு வராது. செடி ஒளிர வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஜீன்கள் வந்தாக வேண்டும். 2024 முதல் அமெரிக்காவில் விற்கும் ஒளிரும் பெட்டூனியாவில் இருப்பவை ஒளிரும் காளானின் ஜீன்கள். அதற்கு முன், 2013-இல் ஒரு குழு ஒளிரும் செடி தருகிறோம் என்று இணையத்தில் ஏறக்குறைய 4,84,000 டாலர் திரட்டியது. பயிற்சி பெற்றவர்கள், கையில் பணம், ஆய்வக வசதி எல்லாம் இருந்தது. 2017-இல் முடியவில்லை என்று கையை விரித்தார்கள். நீங்கள் சமையலறை மேடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

சட்டம். "2022-லயே அரசாங்கம் ஜீன் எடிட்டிங்குக்கு விலக்கு குடுத்திருச்சே மேடம்" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். வெளி டி.என்.ஏ எதுவும் மிஞ்சாத சில வகைத் திருத்தங்களுக்கு, சில விதிகளிலிருந்து மட்டும் விலக்கு. அதற்கும் நிறுவனத்துக்குள் உயிரிப் பாதுகாப்புக் குழு இருந்து, மூடிய கூடத்தில் வேலை செய்து, வெளி டி.என்.ஏ இல்லை என்று நிரூபிக்க வேண்டும். 2025-இல் அறிவித்த இரண்டு ஜீன் திருத்த நெல் ரகங்களும் அரசு ஆராய்ச்சி நிறுவனங்களிலிருந்து இந்த வழியாகத்தான் வந்தன. வெளி ஜீன் சேர்த்த செடி, பாக்டீரியா எதுவானாலும் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த 1989 விதிகளும் முழுதாகப் பொருந்தும். வீட்டில் உயிரிப் பாதுகாப்புக் குழு வைக்க முடியாது. "என் சொந்த உபயோகத்துக்குத்தானே" என்பது அங்கே செல்லாது. ஜெர்மனியிலும் அனுமதி பெற்ற ஆய்வகத்துக்கு வெளியே இதைச் செய்தால் தண்டனை உண்டு. 2017-இல் அங்கே பவேரியா மாநிலத்தில் இப்படிப்பட்ட கிட்களைச் சோதித்தபோது, ஆபத்தில்லாத ஆய்வக ஈ.கோலை மட்டும் இருக்க வேண்டிய குப்பியில் நோய்க்கிருமிகளும் இருந்தன. அவற்றில் சில, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாதவை. அந்த மாதிரிக் குப்பியைத்தான் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள்.

ஆர்வத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் தொடங்கும் இடம் தப்பு. திசு வளர்ப்பில் தொடங்குங்கள். ஜீனைத் தொடாதவரை வீட்டில் தாராளமாகச் செய்யலாம். பின்னாளில் முறையான ஆய்வகத்துக்குள் போனாலும் முதலில் கேட்பது இந்தக் கைப்பழக்கத்தைத்தான். எம்.எஸ். ஊடகப் பொடி (செடித் திசுவுக்கான சத்துப் பொடி), லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கெட்டியாக்க 8 கிராம் அகர், அமில-கார அளவு (pH) 5.8. கிருமி நீக்கப் பிரஷர் குக்கரே போதும், வெயிட் வால்வு தூக்கும் அழுத்தமும் எங்கள் ஆட்டோகிளேவின் (நீராவியில் கிருமி நீக்கும் ஆய்வகக் கருவி) அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விசில் வந்த பின் சிறுதீயில் இருபது நிமிடம். பாட்டில் மூடியை இறுக்கி வைக்காதீர்கள், வெடிக்கும். ஆறுவதற்கு முன் குக்கரைத் திறக்காதீர்கள், ஊடகம் பொங்கி முகத்தில் அடிக்கும். வேலை செய்யும்போது காற்று அசையாமல் இருக்கக் கை நுழையும் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

எந்தச் செடி? கத்தரி. புகையிலைக் குடும்பத்துப் பிள்ளைகளில் கத்தரி சொன்ன பேச்சு கேட்கும், இலைத் துண்டிலிருந்தே துளிர்க்கும். அதன் கூடப்பிறந்த மிளகாய் எங்களையே அழ வைக்கும், முதலில் அதைத் தொடாதீர்கள். இலைத் துண்டு பச்சையாகவே இருந்து, வெட்டிய ஓரம் தடித்து, அதில் மிளகு மாதிரி பச்சை மொட்டு எழும்பும்போது புரியும், நான் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று. ஜீன் வரிசையைப் படிப்பது, எங்கே வெட்ட வேண்டும் என்று கிரிஸ்பருக்குக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ-வை வடிவமைப்பது எல்லாம் பொதுத் தரவுதளங்களில் இலவசம், கணினியில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள். கை வைத்துச் செய்ய ஆசையென்றால் அருகிலுள்ள வேளாண் பல்கலையிலோ கல்லூரியின் உயிர்த்தொழில்நுட்பத் துறையிலோ பயிற்சி கேளுங்கள்.

இனி, தயவுசெய்து கேளுங்கள் என்ற பகுதி.

இலைத் துண்டின் மேலுள்ள கிருமியைப் போக்க, பழைய ஆய்வேடுகளில் "0.1 சதம் மெர்குரிக் குளோரைடில் ஐந்து நிமிடம்" என்று இருக்கும். நம் நாட்டுத் திசு வளர்ப்புக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் அந்த வரி இருக்கும் போல. அதைப் பார்த்து வாங்கி வந்து கரைத்து வைக்கிறார்கள். பாதரச உப்பு அது. நிறமில்லை, வாசனையில்லை, கரைத்தால் பார்க்கத் தண்ணீர்தான். ஒரு வீட்டில் பழைய ஜூஸ் பாட்டிலில், ஃபிரிட்ஜ் கதவில், லேபிள்கூட இல்லாமல் இருந்தது. அந்த வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கும் பிளீச்சை ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு குக்கரில் சுத்திகரித்து ஆறவைத்த நீரில் மூன்று அலசல். பிளீச்சோடு கழிவறை அமிலத்தைக் கலக்காதீர்கள்.

அடீனியம் பிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குரோமோசோமை இரட்டிப்பாக்க கோல்கிசின் வாங்கித் தடவுகிறீர்கள். அது நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள அதே நஞ்சு. அந்தக் கிழங்கை, அதாவது கண்வலிக் கிழங்கைத் தின்று உயிர்போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அதற்கு முறிமருந்து கிடைப்பதில்லை. அதை வெறுங்கையால் தொடுகிறார்கள், வேலை முடிந்ததும் அதே கையால் டீ குடிக்கிறார்கள்.

எழுபது சத ஸ்பிரிட்டைப் பெட்டிக்குள் தெளித்துவிட்டு உடனே விளக்கை ஏற்றாதீர்கள். புருவம் கருகி வந்த மாணவனைப் பார்த்திருக்கிறேன், கண் தப்பியது அவன் அதிர்ஷ்டம். புற ஊதா விளக்கை எரியவிட்டுக்கொண்டே வேலை செய்யாதீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். பூஞ்சை பிடித்த பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். மூடியை லேசாகத் தளர்த்தி, அப்படியே குக்கரில் வேகவைத்த பிறகு கொட்டுங்கள். அந்தக் குக்கரில் இனி சோறு வைக்காதீர்கள், வேறொன்று வாங்குங்கள்.

கிட் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? சிங்க்கில் ஊற்ற வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். மூடியைத் திறக்காமல் இரண்டு பைக்குள் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஆட்டோகிளேவ் உள்ள ஆய்வகம் எதையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். பாதரசக் கரைசலையும் அப்படியே. அதை வேகவைக்கவோ கொதிக்கவைக்கவோ கூடாது, வேதியியல் கழிவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று தயங்காதீர்கள். கொஞ்சம் திட்டுவார்கள்தான், வாங்கிக்கொள்ளவும் செய்வார்கள்.