ஏபி763 உங்கள் ஆம்ப் தயாரான தேதி அல்ல

பென்டர் கம்பெனியின் பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபையரான டீலக்ஸ் ரிவெர்பின் உள்பக்க ஒட்டுத்தாளைப் படமெடுத்து அனுப்பி, "ஏபி763 என்று இருக்கிறது, 1963 ஜூலையில் செய்ததுதானே?" என்று கேட்கிறவர்கள் குறையவே மாட்டேன் என்கிறார்கள். இல்லை. 763 என்பது அந்தச் சர்க்யூட் வரைபடத்தின் மாதமும் வருடமும். முன்னால் உள்ள எழுத்துகள் திருத்த வரிசை. புல்லர்ட்டன் தொழிற்சாலை அதே வரைபடத்தை வைத்து வருடக்கணக்கில் ஆம்ப் செய்தது. 1964ல் வந்ததிலும் ஏபி763, 1966ல் வந்ததிலும் ஏபி763. இதைக் காட்டி, "1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் பென்டர் கம்பெனியை வாங்கும் முன்பே செய்தது" என்று ஒருவர் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆம்ப் செய்த தேதி அதே தாளில் ரப்பர் முத்திரையாக, இரண்டு எழுத்தில் இருக்கும். முதல் எழுத்து வருடம்: ஏ என்றால் 1951, அங்கிருந்து எண்ணினால் என் 1964, ஓ 1965. இரண்டாவது எழுத்து மாதம். என்எச் என்றால் 1964 ஆகஸ்ட். ஆனால் புதிதாக அச்சடித்த தாளும் விலைக்குக் கிடைக்கிறது, கறை ஏற்றிப் பழசாக்குகிறவர்களும் உண்டு. தாளை மட்டும் நம்பாதீர்கள்.

டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். 606-4-23 என்று இருந்தால் 606 ஷூமேக்கர் கம்பெனி, 4 வருடத்தின் கடைசி இலக்கம், 23 வாரம். 1954ஆ, 1964ஆ, 1974ஆ என்பதை ஆம்பின் முகப்பும் பெட்டியின் மேலுறையும் சொல்லிவிடும். ஸ்பீக்கர் சட்டத்தில் எண் 220 என்று தொடங்கினால் செய்த கம்பெனி ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்போர்ட். ஸ்பீக்கரின் கூம்பை மாற்றினாலும் சட்டத்தின் எண் அப்படியேதான் இருக்கும், கவனம். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 1376412 என்றால் 137 சிடிஎஸ் கம்பெனி, 64 என்பது 1964, 12 வாரம். அசல் பாகங்களில் எது கடைசியாக வந்ததோ, அதற்கு முன் அந்த ஆம்ப் இருந்திருக்க முடியாது. சில மாத இடைவெளி சகஜம். 1966ல் மொத்தமாக வாங்கிய கண்ட்ரோல்கள் பின்னாளிலும் பயன்பட்டதால் அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

எண்கள் பொருந்தினாலும் சால்டரை, அதாவது வயர்களைப் பற்றவைத்த ஈயத்தை, பாருங்கள். டிரான்ஸ்பார்மர் வயர் சேரும் இடத்தில் ஈயம் இரண்டு அடுக்காகக் கட்டியிருந்தால், சுற்றிலும் கருகிய பிளக்ஸ் (பற்றவைக்கும்போது தடவும் பசை) இருந்தால், வெட்டிய பழைய வயரின் துண்டு முனையில் ஒட்டியிருந்தால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சேசிஸை (பாகங்களைப் பொருத்திய உலோகச் சட்டம்) திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பில்டர் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் வோல்டேஜ் இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். தெரியாவிட்டால் திறக்கவே வேண்டாம். இது 117 வோல்ட் ஆம்ப், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் 230ல் சொருகவே கூடாது.

"அசல் கெட்டுவிடும்" என்று இரண்டு பின் வயரை விட்டுவைப்பது உயிரோடு விளையாடுவது. மெயின் லைனிலிருந்து கிரவுண்ட் சுவிட்ச் வழியாக சேசிஸுக்குப் போகும் 0.047 மைக்ரோபாரட் கண்டென்சர் ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் கரண்ட் வரும். அந்தக் கண்டென்சரைக் கழற்றி, எர்த் உள்ள மூன்று பின் வயர் போடுங்கள். அறுபது வயதான எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மாற்றுங்கள். விவரம் தெரிந்த யாரும் இதற்காக விலை குறைக்க மாட்டார்கள். ஆனால் நல்ல நிலையிலுள்ள டிரான்ஸ்பார்மரையும் சிக்னலைக் கடத்தும் நீலக் கப்ளிங் கண்டென்சர்களையும் தயவுசெய்து தொடாதீர்கள். கழற்றிய எதையும் எறியாமல், உறையில் போட்டு ஆம்போடு வையுங்கள்.

வாங்கும் முன் இரண்டு டிரான்ஸ்பார்மர்கள், ஸ்பீக்கர் சட்டம், கண்ட்ரோல்களின் முதுகு, சேசிஸின் உட்புறம், எல்லாவற்றையும் எண் தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆம்ப் பாருங்கள்.