அது சார்ஜரே இல்லை

சென்ற வாரம் ஓர் அம்மா என் கடை மேசைமேல் எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றை வைத்தார். மூடி இறுக்கமாக இருந்தது. திறந்தால், எண்ணெயில் போட்ட அப்பளம்போல உப்பிய செல்போன் பேட்டரி. நகப்பூச்சு மாதிரி இனிப்பாக ஒரு நெடி. நெடி வந்தால் உறை கசிந்துவிட்டது என்று பொருள். டப்பாவோடு வாசலில் இருக்கும் மணல் வாளிக்கு ஓடினேன். இந்த ஆண்டில் இது நான்காவது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், பள்ளிக் கண்காட்சிக்காக அப்பாவின் பழைய போனைப் பிரித்து, அந்த பேட்டரியில் எல்.இ.டி. விளக்கு செய்திருக்கிறான். பேட்டரியின் தலையில் டேப்புக்கடியில் இருக்கும் சிறு பாதுகாப்புப் பலகையை (சார்ஜ் அளவுமீறினால் இணைப்பைத் துண்டிப்பது அதுதான்), சாலிடர் வைக்க இடைஞ்சல் என்று வெட்டியும் எறிந்துவிட்டான். சார்ஜ் தீர்ந்ததும் பழைய சார்ஜர் வயரை நறுக்கி, பேட்டரி முனைகளில் நேராகச் சுற்றிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். “சார்ஜர்தானே அண்ணா, நிறைந்ததும் தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன்” என்றான்.

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சுவரில் செருகுகிறோமே, அதற்குப் பெயர் மட்டும்தான் சார்ஜர். 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. வயரின் மறுமுனையில் பேட்டரி இருக்கிறதா, குட்டி விசிறி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. உண்மையான சார்ஜர் போனுக்குள், போர்டில், ஒரு சின்ன ஐ.சி.யாக உட்கார்ந்திருக்கிறது. முதலில் சீரான கரண்டில் ஏற்றி, 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அங்கேயே பிடித்துக்கொண்டு, கரண்டைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நிறுத்துவது அதுதான். பேட்டரியை மட்டும் பிடுங்கி வருகிறவர் காவல்காரனைப் போனிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

“3.7 வோல்ட் பேட்டரிக்கு 5 வோல்ட், கொஞ்சம்தானே கூடுதல்?” என்று கேட்கிறார்கள். அந்த 3.7 என்பது சராசரி, முழுக்க நிறைந்த நிலையே 4.2தான் ஐயா! இன்வெர்ட்டர் பேட்டரியோடு பழகிய பழக்கம் இது. அதில் சார்ஜ் மிஞ்சினால் தண்ணீர் குறையும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொள்ளலாம். இதில் ஊற்றவும் வழியில்லை, வாயு வெளியேறவும் வழியில்லை. பட்டன் போன் பேட்டரிதானே என்றும் அலட்சியம் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது அளவுமீறிச் சூடாகலாம் என்று 2007இல் நோக்கியாவே 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. அவையெல்லாம் ஒழுங்காகப் போனுக்குள் இருந்தவை.

பிள்ளைகள் செய்து பார்க்கட்டும், நானும் அப்படிக் கற்றவன்தான். விளக்கு வேண்டுமென்றால் ஒரு பவர் பேங்க்கிலிருந்து யு.எஸ்.பி. வயர் இழுங்கள். பழைய பேட்டரிதான் வேண்டுமென்றால் அதன் பாதுகாப்புப் பலகையைத் தொடாமல், டி.பி.4056 சார்ஜிங் பலகை வாங்கி இணையுங்கள். அது பெரும்பாலும் 1 ஆம்பியருக்கு அமைத்தே வருகிறது. சின்ன பேட்டரிக்கு அது அதிகம், கரண்ட் அளவைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரை மாற்றித் தரச் சொல்லுங்கள். கூடவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கட்டும். இரவில் சார்ஜ் போடவே கூடாது.

போனை வாசல் கேமராவாக மாட்டியிருப்பவர்களும் கேளுங்கள். வெயில் படும் சன்னலில், இருபத்துநான்கு மணி நேரமும் சார்ஜில் தொங்குகிறது அது. 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். மாதம் ஒரு முறை கழற்றி மேசையில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். முன்பு ஆடாத போன் இப்போது ஆடினால், திரை ஓரம் தூக்கியிருந்தால், அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை இறக்காதீர்கள், தயவுசெய்து. உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பற்றும். முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே மணலில் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போடாதீர்கள், அங்கே நசுக்குவார்கள். உலோக டப்பா வேண்டவே வேண்டாம். இரண்டு முனையும் தகரத்தில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பையன் மறுநாள் வந்து பவர் பேங்க்கில் விளக்கை மாற்றிக்கொண்டு போனான். டப்பாவை மட்டும் அவன் அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கடையில் இப்போது அதில் ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறேன்.