சார்ஜ் லைட் எரிந்தபின் எத்தனை கிலோமீட்டர்?

ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது மீட்டரில் சிவப்பு பேட்டரி படம் எரிகிறது. நல்ல மழை. வால்பாறைக்கு இன்னும் சுமார் 40 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியின் இழுவையில் குறையில்லை, சத்தத்திலும் மாற்றமில்லை. போய்ச் சேருமா?

அந்தப் படம் எரிந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுப்பதை நிறுத்திவிட்டது, இனி பேட்டரியில் இருப்பதை வைத்துத்தான் வண்டி ஓட வேண்டும் என்று பொருள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் பம்புக்கு 5 ஆம்பியர். இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. மூன்றுக்கும் சேர்த்து 7. இந்த 12 இல்லாமல் இன்ஜின் ஓடாது. ஹெட்லைட் 9, மற்ற விளக்குகள் 3, வைப்பர் 4, புளோயர் 12. மொத்தம் 40 ஆம்பியர். சின்ன பெட்ரோல் காரில் இருப்பது 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி. தாளில் 50 நிமிடத்துக்கு மேல் வருகிறது. ஆனால் அந்த 35 என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. ஒரேயடியாக 40 ஆம்பியர் உறிஞ்சினால் அவ்வளவு கொடுக்காது. பேட்டரிக்கு மூன்று வயது ஆகியிருந்தால் இன்னும் குறைவு. அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். மலையில் 40 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதில் பவர் ஸ்டீயரிங்கை நான் சேர்க்கவே இல்லை. மின்சார ஸ்டீயரிங் என்றால் ஒவ்வொரு வளைவிலும் சில விநாடிகளுக்கு 30, 40 ஆம்பியர் தனியாக இழுக்கும். போய்ச் சேராது. புளோயரை நிறுத்திவிட்டுப் பொள்ளாச்சிக்குத் திரும்புங்கள். 24 கிலோமீட்டர்தான், சமதளம். அதுவே வெயில் நேரத்தில், சமதளத்தில், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்டினால் அதே பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கும்.

இத்தனை நாளும் அந்த 40 ஆம்பியரைக் கொடுத்துவந்தது ஆல்டர்னேட்டர். பழைய மெக்கானிக்குகள் வாயில் அது இன்னமும் டைனமோ. செல்ஃப் அடித்து இன்ஜினைக் கிளப்பியதும் பேட்டரியின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தோட்டத்து மோட்டாரைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஆல்டர்னேட்டர் புதிதாகத் தெரியாது. மோட்டாரில் கரண்ட் கொடுத்தால் தண்டு சுற்றுகிறது. இங்கே தண்டைச் சுற்றினால் கரண்ட் வருகிறது. நடுவில் சுழலும் ரோட்டரில் ஒரு காயில். அதற்குள் கரண்டை அனுப்ப இரண்டு செம்பு வளையங்கள், அவற்றின் மேல் உரசும் இரண்டு கார்பன்கள். 2 முதல் 5 ஆம்பியர் உள்ளே போனால் ரோட்டர் காந்தமாகிறது. அது சுற்றும்போது வெளிச்சுற்றில் உள்ள மூன்று காயில்களில் மூணு பேஸ் கரண்ட் பிறக்கிறது. அதை, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் ஆறு டயோடுகள் நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. வோல்ட் ஏறினால் கார்பன் வழியே போகும் கரண்டைக் குறைத்தும், இறங்கினால் கூட்டியும் 14 வோல்ட் பக்கத்தில் நிறுத்துவது ரெகுலேட்டர். கடைகளில் இதற்கு ‘கட்-அவுட்’ என்று பெயர்.

ஆல்டர்னேட்டரை இன்ஜின் ஒரு பெல்ட் மூலம் சுற்றுகிறது. அதன் புல்லி சிறியது என்பதால் இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆல்டர்னேட்டர் இரண்டரை, மூன்று சுற்றுச் சுற்றும். ஆனாலும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் நிற்கும்போது அதன் முழுத்திறனில் பாதிகூட வராத வண்டிகள் உண்டு. மலையேற்றம்தான் இதற்குப் பெரிய சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். செகண்ட் கியரில் 2,500 ஆர்.பி.எம்.மில் ஏறும் வண்டியில் அது சுகமாகவே இருக்கிறது. இரவு ஏழு மணிக்குக் கோவை காந்திபுரம் சிக்னலில், ஏ.சி.யும் ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஓட, ஐடிலில் நிற்கிற வண்டியில்தான் அது வதைபடுகிறது. சுழற்சி குறைந்தால் அதன் உள்விசிறியும் மெதுவாகிவிடும். சூடு ஏறும்.

சார்ஜ் நின்றபின் வண்டி எடுத்த எடுப்பில் நிற்காது, ஒவ்வொன்றாகக் கைவிடும். முதலில் ஹெட்லைட் மஞ்சளாகும், வைப்பர் சோம்பும். 11 வோல்ட் பக்கம் ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் காரணமே இல்லாததுபோல் எரியும். ஸ்டீயரிங் கல்லாகும். அப்புறம் பெட்ரோல் பம்ப் மெதுவாகி அழுத்தம் விழும், இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், பிளக்கில் பொறி மெலியும். வண்டி திக்கித் திக்கிப் போய், 9, 10 வோல்ட்டில் அணைந்துவிடும். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிக்கு இந்தக் கவலை குறைவு. ஈ.சி.யு. கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் டீசலுக்கு அந்தச் சலுகை கிடையாது. இறக்கத்தில் அணைந்தால், பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரில் மீதமிருக்கும் வாக்யூம் இரண்டு மூன்று அழுத்தலுக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, வண்டியைக் கியரிலேயே வைத்து ஓரங்கட்டுங்கள்.

ஓடும்போது நின்ற வண்டிகளுக்கெல்லாம் ஆல்டர்னேட்டர் மேல் பழி போடவும் கூடாது. நின்றதும் செல்ஃப் அடித்துப் பாருங்கள். ‘டக் டக்’ என்று மட்டும் சத்தம் வந்து மீட்டர் விளக்குகள் மங்கினால் சார்ஜ் பிரச்சினை. செல்ஃப் பலமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் வேறெங்கோ கோளாறு. சூட்டில் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் இன்ஜினின் சுழற்சியை ஈ.சி.யு.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படலாம். சிக்னலில் மட்டும் அணைந்து உடனே பிடித்துக்கொண்டால் இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும்.

ஆல்டர்னேட்டரில் அதிகம் தேய்வது கார்பன். 5 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து, குழியில் குதிக்கும்போதெல்லாம் தொடுப்பு விடும். சார்ஜ் லைட் மினுக்கி மினுக்கி மறையும். சில நூறு ரூபாய் வேலை. இதற்குப் போய் முழு ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்னால், கழற்றி வளையங்களைக் காட்டச் சொல்லுங்கள். அவை பள்ளம் விழாமல் இருந்தால் கார்பன் போதும்.

டயோடுகளைக் கொல்வது சூடு. நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் தறிப் பஞ்சு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தேங்காய் நார்த் தூசி. டாப் கவர் கேஸ்கெட்டில் கசியும் ஆயிலோடு சேர்ந்து இது ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில் கம்பளம்போல் ஒட்டிக்கொள்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏர் அடித்தால் போதும். வாட்டர் சர்வீசில் மட்டும் அதன்மேல் நேராகப் பீய்ச்ச விடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு டயோட் போனால், கிணற்று மோட்டாரில் ஒரு பேஸ் போன கதைதான். வேலை செய்வதுபோல் தெரியும், திறன் இருக்காது, மற்றவை சூடாகும். ஷார்ட் ஆகிவிட்டால் இரவெல்லாம் பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பக் கசியும். காலையில் வண்டியை எடுக்குமுன் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோட்தான்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் பாதி விவாதம் மிச்சம். இரவு நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தபின் 13.8 முதல் 14.5. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு 2,000 ஆர்.பி.எம். வைத்தாலும் 13.3க்குக் கீழே இறங்கக் கூடாது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிற்று. மீட்டரை ஏ.சி. (மாறுமின்சார) வோல்ட்டுக்கு மாற்றி அளக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோட் கோளாறு. சில புதிய கார்களில் ஈ.சி.யு.வே சார்ஜை வேண்டுமென்று குறைத்துக்கொள்ளும். அவற்றில் ஹெட்லைட்டைப் போட்டபிறகு அளந்து முடிவு செய்யுங்கள். ஆல்டர்னேட்டர் முனையில் 14.2, பேட்டரியில் 13.1 என்று வந்தால் குற்றம் நடுவிலுள்ள கேபிளிலோ எர்த்திலோ இருக்கிறது.

“பெல்ட் கத்துதுங்ணா” என்று சொல்பவர்கள் அதில் சோப்போ கிரீசோ தடவ வேண்டாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஓட்டுகிறது. அறுந்து சார்ஜ் லைட் எரிந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் செல்லாது, இன்ஜின் சூடேறிவிடும், உடனே நிறுத்த வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘சார்ஜ் ஆகுதா’ என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அம்பாசடர் காலத்தில் அது செல்லுபடியானது. இன்று அப்படிச் செய்தால் ஒரு நொடிக்குள் வோல்ட் பல மடங்கு எகிறி ரெகுலேட்டரையும் ஈ.சி.யு.வையும் கருக்கலாம்.

புது ஆல்டர்னேட்டர் மாட்டும் அன்று, காலியான பேட்டரியை அப்படியே இணைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். அந்தப் பேட்டரி கேட்கும் கரண்டை முழுக்கக் கொடுக்கப் போய், புதிதாக மாட்டியது முதல் ஐம்பது கிலோமீட்டரிலேயே கொதிக்கும். பேட்டரியை ஓர் இரவு வெளிச் சார்ஜரில் போட்டு, 12.6 காட்டியபின் மாட்டச் சொல்லுங்கள்.