இன்னோவாவுக்கு ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடாதீர்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் ஒரு டிரைவரிடம் குடும்பத்துக்கு எந்த வண்டி எடுக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் யோசிக்காமல் இன்னோவா என்பார். நீங்கள் கொஞ்சம் தயங்கினால், "டொயோட்டால்லா அண்ணாச்சி, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சேர்த்துக்கொள்வார். அவர் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிதான் ஒர்க் ஷாப்புக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற வண்டிகள். கோளாறு தொடங்கிய பிறகும் இந்த என்ஜின் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதனாலேயே உரிமையாளர் கவனிக்கிற நேரத்தில் ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை லட்சத்தில் வந்து நிற்கிறது.

இன்னோவாவைச் செய்கிற டொயோட்டா கம்பெனி கார் செய்வதற்கு முன் தறி செய்தது. சகிச்சி டொயோடா 1924-இல் செய்து முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியில், நூல் ஒன்று அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை; அறுந்தது தெரியாமல் ஓடினால் துணி முழம் முழமாக வீண். 1929-இல் அந்தத் தறியின் உரிமம் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்குப் போனது. மகன் கிச்சிரோ டொயோடா 1933-இல் தறி கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவைத் தொடங்கினார். 1936-இல் ஏ.ஏ. என்ற கார் வந்தது, 1937-இல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனி ஆனது. கோளாறு கண்ட இடத்திலேயே நிறுத்து என்கிற தறியின் வழக்கம், பிற்பாடு தைச்சி ஓனோ வகுத்த உற்பத்தி முறையில் முக்கிய இடம் பிடித்தது. வண்டி பூட்டும் வரிசையில் நிற்கிற தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம்.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2009, 2010-இல் ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொள்ளும் புகாரில் உலகம் முழுக்க லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதை மறைத்த வழக்கில் 2014-இல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். 2024 ஜனவரியில், டீசல் என்ஜின்களின் குதிரைத்திறன் சான்றிதழ் சோதனையில் முறைகேடு நடந்தது வெளியே வந்தது. அதைச் செய்தது அந்தப் பழைய தறி கம்பெனியான டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். இங்கே இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் வண்டிகளை டீலர்களுக்கு அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். பெயர் பெரியது என்பதற்காக எதையும் சோதிக்காமல் விடக் கூடாது.

நம் பக்கம் இந்தப் பெயர் வேரூன்றியது குவாலிஸால். இந்தோனேசியாவின் கிஜாங் வண்டியை ஒட்டி, பெங்களூர் அருகே பிடதியில் செய்து 2000-இல் விட்டார்கள். 2005-இல் அதை நிறுத்தி இன்னோவா, 2016-இல் கிரிஸ்டா, 2022 கடைசியில் ஹைகிராஸ். வைத்திருப்பவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: நடு சீட்டில் உட்கார்ந்து சென்னை வரை போனாலும் இடுப்பு வலிக்காது, ஏசி கடைசி சீட் வரை எட்டும், விற்கப் போனால் விலை விழாது. குறையும் சொல்வார்கள். பின்னால் ஆள் ஏறாமல் ஓட்டினால் பின்பக்கம் தூக்கிப் போடும், கடைசி சீட்டை விரித்தால் பெட்டி வைக்க இடமில்லை, விலை கூடுதல். இரண்டுமே நியாயமான பேச்சு.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 2005 முதல் 2016 வரை வந்த டீசல் இன்னோவாவில் இருப்பது 2494 சிசி 2கே.டி. காமன் ரயில் என்ஜின். இதில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது செயின் கிடையாது, டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். ராக்கர் ஆர்ம் உடையும், வால்வு வளையும், என்ஜினின் மேல் பாகமான ஹெட்டை இறக்க வேண்டியதுதான். மீட்டரில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். அது எரிந்த பிறகு அடுத்த ட்ரிப் முடியட்டும் என்று தள்ளக் கூடாது. நாங்கள் சொல்வது, விளக்கு எரிகிற வரைகூடக் காத்திருக்காமல் ஒரு லட்சம் கி.மீ. தாண்டியதும் மூடியைத் திறந்து பெல்ட்டைப் பார்த்துவிடுங்கள் என்பதே. வெயிலில் ஏசியைப் போட்டு மணிக்கணக்கில் நின்ற இடத்தில் ஓடுகிற வண்டிக்கு கி.மீ. கணக்கு மட்டும் போதாது. மாற்றும்போது பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், அது சுற்றிப் போகிற ஐட்லர் பேரிங் மூன்றையும் மாற்றுங்கள். பெல்ட் புதுசு, பேரிங் பழசு என்று விட்டால் பேரிங் இறுகி புதுப் பெல்ட்டையும் அறுத்துவிடும். கிராங்க் சீல், கேம் சீலில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதே கையோடு முடித்துவிட வேண்டும். பெல்ட்டில் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அந்த விளக்கைப் பெல்ட் மாற்றாமலே அணைக்க முடியும். விளக்கு எரியவில்லை என்பது பெல்ட் மாற்றியதற்குச் சாட்சி ஆகாது. டைமிங் கவரின் மேல் மூடியைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் பெல்ட்டின் முதுகில் அச்சடித்த எழுத்து தெளிவாக இருக்கும். எழுத்து அழிந்து, முதுகு பளபளத்து, ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் என்ன கி.மீ. சொன்னாலும் நம்பாதீர்கள். மூடியைத் திறக்க விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பெல்ட், டென்ஷனர், பேரிங், கூலி எல்லாவற்றையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது, டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சுகிற இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கிற செம்பு வாஷர். இந்த என்ஜினின் பெரிய எதிரி அதுதான். வாஷர் தளர்ந்தால் எரிந்த புகை மேலே ஏறி வால்வு கவருக்குள் போய், ஆயிலைக் கரியாக்கும். கரி, என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியான சம்ப்பில் இறங்கி, ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலையை அடைக்கும். அப்புறம் ஆயில் நிறைய இருந்தும் பம்புக்கு வராது. பேரிங், டர்போ இரண்டும் காய்ந்து போகும். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாகக் காட்டுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'சஃப், சஃப்' என்று காற்றுத் தப்புகிற சத்தம், ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை, சூடான பிறகு ஆயில் விளக்கு மினுக்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை நிறுத்திப் பாருங்கள். வாஷரை மாற்றுவதோடு வேலை முடியாது. சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைக் கழுவ வேண்டும். இன்ஜெக்டரை எதற்காகக் கழற்றினாலும் பழைய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. அது உட்காரும் குழியில் கரித்துகள் ஒட்டியிருந்தால் புது வாஷரும் தாங்காது. கிளாம்ப் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும், கைக்கணக்கில் இறுக்கக் கூடாது. ஆயில் மாற்றத்தை 10,000 கி.மீ.யைத் தாண்ட விடாதீர்கள். ஊருக்குள்ளேயே ஓடுகிற டாக்ஸி என்றால் 7,500.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது, சிக்னலில் தானாக அணைகிறது என்றால் உடனே டீசல் பம்பையே மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. முதலில் டீசல் ஃபில்டர், பிறகு பம்புக்குள் போகிற டீசலின் அளவைக் கட்டுப்படுத்துகிற சக்ஷன் கன்ட்ரோல் வால்வு, இந்த வரிசையில் பார்த்தால் பல வண்டிகள் அங்கேயே சரியாகிவிடும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் எரிகிற விளக்கையும் அலட்சியப்படுத்தாதீர்கள். அடியில் இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்தி, மேலே கைப்பம்பை அமுக்கினால் முதலில் தண்ணீர் வரும். தெளிந்த டீசல் வந்ததும் இறுக்கிவிடலாம். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்கிற இன்ஜெக்டருக்குள் தண்ணீர் போனால் அதைக் காப்பாற்ற முடியாது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் இன்னும் இருக்கிறது. உப்பு படிந்து குழாய் அடைபட்டால் என்ஜின் கொதிக்கும். பழைய குவாலிஸின் டீசல் என்ஜின் ஒரு தடவை நன்றாகக் கொதித்தாலே ஹெட் விரிசல் விடுகிற ரகம். தாமிரபரணித் தண்ணீர் இனிப்பாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு அது வேண்டாம். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும்.

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை, திருச்செந்தூர்க் கரையோரம் நிற்கிற வண்டிகளுக்குத் துருதான் முதல் கவலை. இன்னோவா, கிரிஸ்டா இரண்டும் சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்த வண்டிகள். மேலே பெயிண்ட் மின்னும், அடியில் சேஸிஸ் உரிந்துகொண்டிருக்கும். பின் ஸ்பிரிங் உட்காரும் இடம், பின் ஆக்ஸில் மேல் போகும் பிரேக் பைப், ஸ்டெப்னி தொங்கும் இடம், இந்த மூன்றையும் லிஃப்டில் ஏற்றிச் சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் உள்ளே தகடு தின்னப்பட்டிருக்கிறது. துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே கறுப்புக் கோட்டிங் அடித்தால் உப்பு உள்ளேயே நின்று வேகமாக அரிக்கும். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த பளபளக் கோட்டிங்கைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு இறங்குகிற வண்டிகளுக்கு ஒரே ஒரு வேலை: கிளம்புவதற்கு முன் பிரேக் ஆயிலின் வயதைக் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனால் மாற்றிவிடுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இறக்கத்தில் சூடாகும்போது உள்ளே ஆவி கிளம்பி, பெடல் தரையைத் தொடும். ஏறின கியரிலேயே இறங்குவது பழைய டிரைவர்களின் பழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைச் சொல்லாமல் நம் பக்கத்துப் பழைய வண்டிச் சந்தையைப் பேச முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் ஏறியது. முங்கின வண்டிகளில் சில ஒழுங்காகச் சரிசெய்யப்பட்டன. சில கழுவித் துடைத்துக் கைமாறின. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பது. மேலே இருக்கிற நாடாவை ஷாம்பூ போட்டுக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கிற கடைசி இரண்டு அடியில் மண் நிறத்தில் கோடு நிற்கும், வாசனையும் வரும். பிறகு சீட் ரெயில் போல்ட், கார்பெட்டுக்கு அடியில் போகிற வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பின் டிஃபரன்ஷியலின் மேல் பிளக்கைத் திறந்து விரலால் தொடுங்கள். எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உங்கள் சொந்த வண்டியே முங்கினால் சாவியைத் திருப்பவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, இழுத்துக்கொண்டு வந்து, என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றிலும் எண்ணெயை இறக்கி, இன்ஜெக்டரைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

கிரிஸ்டாவின் 2.4 டீசலில் பெல்ட் இல்லை, செயின். அந்தக் கவலை விட்டது. ஆனால் 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசலில் டி.பி.எஃப். இருக்கிறது, புகையில் வருகிற கரியைப் பிடித்துவைக்கிற வடிகட்டி அது. பாளையங்கோட்டைக்குள்ளேயே பள்ளிக்கூடம், கடை என்று ஓட்டினால் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவையாவது நான்கு வழிச் சாலையில் நாங்குநேரி வரை நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள். எட்டியோஸ் டீசல் டாக்ஸிக்கு இன்றும் நல்ல வண்டி. கிளான்சா, சுசூகியின் பலேனோதான். அதற்குப் பார்ட்ஸ் தேடி அலைய வேண்டியதில்லை. பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடுகிற ஹைகிராஸ் ஹைபிரிடின் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி உண்டு, முன் சீட் பக்கம் அது காற்று இழுக்கிற வழியைப் பையும் துணியும் போட்டு மூடாதீர்கள்.

கடைசியாகக் காகிதம். டில்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்ததிலிருந்து அங்கிருந்து இறங்குகிற இன்னோவாக்கள் இங்கே மலிவாகப் பேசப்படுகின்றன. வாங்குவதற்கு முன் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, பைனான்ஸ் முடிந்து ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கிய ஹெச்.பி. ரத்து, இங்கே மறுபதிவுக்குக் கட்ட வேண்டிய வரி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாற்றிய வண்டியா என்று ஆர்.சி. வரலாற்றில் பார்த்துவிடுங்கள். மீட்டரில் 90,000 காட்டுகிற வண்டியின் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கி, ஸ்டீயரிங்கின் தோல் பளபளத்தால், பதிவு எண்ணைக் கொடுத்து டீலர் சர்வீஸ் சென்டரில் கடைசியாகப் பதிவான கி.மீ. என்ன என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேளுங்கள், பிறகல்ல.